கணக்குப்பிள்ளை போனார், கணக்கு எங்கே?

காரைக்குடியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குடியிருப்பவருக்கு அது ஒரே வீடு. அரசாங்கத்துக்கு அது நான்கைந்து வீடுகள். வருவாய்த் துறையின் கணக்கில் அது வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று மூன்று அடுக்காக நிற்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அது ஒரு பத்திர எண்ணும் ஆண்டும். அந்தப் பத்திரம் நகர நில அளவைக்கு முந்தியதாக இருந்தால், உள்ளே எழுதியிருப்பது பழைய கிராம சர்வே எண். மாநகராட்சிக்கு அது சொத்துவரி விதிப்பு எண். தெருவில் அதற்குக் கதவு எண், அதிலும் பழையது ஒன்று, புதியது ஒன்று. மின்வாரியத்துக்கு அது ஓர் இணைப்பு எண். இந்த எண்களில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சிறுநகரத்து மனிதரின் பாதி அலைச்சலும் போகிறது. பழைய சர்வே எண்ணையும் நகர சர்வே எண்ணையும் பொருத்திக் காட்டும் பதிவேடு நில அளவைப் பிரிவில் இருக்கவே செய்கிறது. ஆனால் அப்படியொன்று இருப்பது தெரிந்தவர்தான் அதைக் கேட்க முடியும். ஆவணங்கள் கிடைப்பதில்லை என்ற புகாருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் லஞ்சம், மெத்தனம், ஆள் பற்றாக்குறை. மூன்றும் உண்மை. மூன்றுக்கும் அடியில் இன்னொன்று கிடக்கிறது: எந்த அலுவலகத்தில் என்ன பதிவேடு, எந்த ஆண்டு முதல், எந்த எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள் என்ற பட்டியல் மக்களிடம் இல்லை. புத்தகம் இருக்கிறது, பொருளடக்கம் இல்லை.

இது புதிய குறையன்று. ஒரு காலத்தில் அந்தப் பொருளடக்கம் கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருந்தது. கர்ணம் என்றும் சொல்வார்கள். எந்தப் புஞ்சை யார் பெயரில், எந்தப் பாகப்பிரிவினையில் எது பிரிந்தது, எந்த வரப்பு யாரால் நகர்ந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பதவி பரம்பரையாக வந்ததால் அந்த மனப்பாடமும் பரம்பரைச் சொத்தாகவே வந்தது. ஊர் அவருக்குப் பயந்ததற்குக் காரணம் அவர் சம்பளமோ பதவியோ அல்ல. கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்ற பணியிடத்தை உருவாக்கியது. மிகச் சரியான முடிவு. ஆனால் ஒழிக்கப்பட்டது பதவி. அவர் தலைக்குள் இருந்த தேடும் வழியை எழுதி வாங்கி ஊர்ச்சாவடியில் ஒட்டியிருக்க வேண்டிய வேலை நடக்கவில்லை. அந்த அறிவு மெல்ல இடம் மாறியது. இன்று அது பத்திர எழுத்தரிடமும், தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுபவரிடமும், எதிர் ஜெராக்ஸ் கடைக்காரரிடமும், புரோக்கரிடமும் இருக்கிறது. இவர்களை மொத்தமாகத் திட்டிவிட்டுப் போவது எளிது. அரசு செய்யாத ஒரு வேலையை இவர்கள் காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்பதுதான் நியாயமான மதிப்பீடு.

பெருநகரத்தைவிடச் சிறுநகரத்தில் இந்தக் குறை ஆழமாகத் தைக்கிறது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை மாவட்டத் தலைநகரங்கள் அல்ல. காரைக்குடியையே பாருங்கள். 1928-இல் நகராட்சியான ஊர். 2024-இல் மாநகராட்சி ஆனது. வட்டாட்சியர் உள்ளூரில் இருக்கிறார். அவருடைய பட்டா உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போக வேண்டும்; அவர் தேவகோட்டையில். அதற்கும் மேலே மறுசீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம், அவர் சிவகங்கையில். ஊர் மாநகராட்சி ஆனதால் இந்தப் படிக்கட்டு எதுவும் இடம் மாறவில்லை, ஏனென்றால் மாநகராட்சி என்பது ஒரு துறையின் தரவரிசை. வருவாய்த் துறைக்கு அதனால் ஒன்றுமில்லை. எல்லை விரிந்தபோது கோட்டையூர் பேரூராட்சியும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் உள்ளே வந்தன. ஊராட்சி போட்ட வீட்டுவரி ரசீது, ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதி, குடிநீர் இணைப்புக் கணக்கு எல்லாம் புதிய அலுவலகத்தின் பொறுப்புக்கு வருகின்றன. பழைய புத்தகங்கள் எந்த அலமாரிக்குப் போயின என்பது ஒப்படைப்புப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்க வரித் தண்டலரைத் தெரிந்திருக்க வேண்டும்.

செட்டிநாட்டுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வளவு வீட்டுக்கு எத்தனையோ புள்ளிகள், அதாவது குடும்பங்கள், பங்காளிகள். அவர்களில் ஒரு தலைமுறை பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனது. பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். குடும்பத்தின் சொந்த ஊரில் அல்ல. 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் அடிப்படையே அதுதான். ஆகவே பினாங்கில் இறந்த தாத்தாவின் சான்றைக் காரைக்குடி நகராட்சியின் பழைய புத்தகங்களில் எத்தனை நாள் புரட்டினாலும் கிடைக்காது. மதுரை மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பதிவு மதுரையில்தான் இருக்கும். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய செய்தி இது. அந்த ஒரு வரி கவுன்டருக்கு மேலே எழுதப்படாததால் எத்தனை பேர் எத்தனை முறை பஸ் ஏறியிருப்பார்கள் என்பதை எந்தத் துறையும் கணக்கு வைப்பதில்லை.

இப்போதுதான் எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே என்பது முதல் மறுப்பு. வந்திருப்பது மெய், அதன் பயனும் பெரிது. வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எல்லாம் திரையில் கிடைக்கின்றன. பத்தாண்டுகளுக்கு முன் அரை நாள் காத்திருந்து வாங்கியவை இவை. ஆனால் அந்தத் திரை முதலில் என்ன கேட்கிறது? மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண். வில்லங்கம் பார்க்கப் போனால் மண்டலம், சார்பதிவாளர் அலுவலகம். தன் தெரு எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது என்பது நகரத்தில் பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது; தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. கவுன்டரில் இருந்த அதே கேள்வி கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கவுன்டரிலாவது மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். கணினியில் ஏற்றப்பட்ட வில்லங்க விவரமும் பெரும்பாலும் 1975-இலிருந்து தொடங்குகிறது; அதற்கு முந்தியவற்றுக்குப் பழையபடி மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். இதற்கிடையில் 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்கள் புதிதாக எழுதப்பட்டபோது நேர்ந்த பிழைகளும் அப்படியே கணினிக்குள் ஏறின. ‘யு.டி.ஆர். தப்பு’ என்ற சொல் தாலுகா அலுவலகங்களில் ஒரு நோயின் பெயர்போலப் புழங்குகிறது. மூலத்தில் என்ன இருந்தது என்று பார்க்க யு.டி.ஆருக்கு முந்திய பதிவேட்டுக்குப் போக வேண்டும். அது தாலுகாவில் இருக்கிறதா, ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலா, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலா? மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும், ஏனென்றால் நான் கேட்பதை அது 2005-லேயே கேட்டுவிட்டது. அதன் 4-ஆம் பிரிவு முதல் வேலையாகச் சொல்வது, ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆவணங்களை எல்லாம் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைத்திருக்க வேண்டும் என்பதை. அடுத்து, சட்டம் இயற்றப்பட்ட 120 நாள்களுக்குள் 17 வகைத் தகவல்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. அலுவலகத்தின் வசம் இருக்கும் ஆவணங்களின் வகைகள் அந்த 17-இல் ஒன்று. மனுப் போடுகிற உரிமை அதற்குப் பின்னால்தான் வருகிறது. வீட்டை முதலில் ஒழுங்கு செய், பிறகு விருந்தாளியைக் கூப்பிடு என்ற வரிசை. நடைமுறையில் நாம் வரிசையைக் கவிழ்த்துவிட்டோம். அட்டவணை இல்லாததால் மனுதாரர் குத்துமதிப்பாகக் கேட்கிறார். குத்துமதிப்பாகக் கேட்டதால் ‘தாங்கள் கோரும் வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வருகிறது. அந்தப் பதிலில் சட்டப் பிழையும் இல்லை. கைவசம் இருக்கும் தகவலைத் தந்தால் போதும், புதிதாகத் திரட்டித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அப்படியானால் கைவசம் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் கேட்பவர் எப்படிக் கேட்பார்? 4-ஆம் பிரிவு முறையாக நடக்கிறதா என்று தகவல் ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உத்தரவிட நேர்ந்தது, சட்டம் வந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு. மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997-இல், இந்தியாவில் முதன்முதலாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பெருமைக்கு ஏற்ற அட்டவணை நம் நகராட்சிகளில் இல்லை.

அதே சட்டத்தின் 6(3) பிரிவு இன்னும் சுவையானது. மனு தவறான அலுவலகத்துக்கு வந்துவிட்டால் திருப்பி அனுப்பக் கூடாது. ஐந்து நாள்களுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு மனுதாரருக்கும் சொல்ல வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவைத்திருப்பது குடிமகனின் கடமை அல்ல, வழிகாட்டுவது அரசின் கடமை என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிப் போட்டவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, கவுன்டரில் வந்து நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது ‘இது இங்க இல்ல’ என்ற மூன்று சொற்கள். எங்கே என்ற நான்காவது சொல்லுக்கு வெளியே கடை இருக்கிறது.

முகாம்களைச் சிலர் சுட்டிக்காட்டலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ ஆகிய திட்டங்களில் பல துறைகளை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தார்கள்; பின்னதில் நகர்ப்புறங்களுக்கு 13 துறைகளின் 43 சேவைகள். கூட்டம் திரண்டது. அந்தக் கூட்டத்தைத் திட்டத்தின் வெற்றியாக ஒரு பக்கம் காட்டியது. தீராத குறைகளின் அளவாக மறுபக்கம் காட்டியது. என் கண்ணுக்கு அதில் தெரிவது வேறு. ஒரு கல்யாண மண்டபத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே துறையின் பெயரை எழுதித் தொங்கவிட்டதே பெரிய சேவையாக இருந்தது. மண்டபத்தைக் காலி செய்ததும் அந்தப் பலகைகளும் இறங்கிவிட்டன. முகாமுக்கென்று அச்சிட்ட சேவைப் பட்டியலை மறுநாள் அந்தந்த அலுவலக வாசலில் ஒட்டியிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஆவணத்தைத் தேடுவதை எளிதாக்கினால் மோசடிக்காரருக்கும் எளிதாகுமே? ஆளில்லாத வீடுகள் நிறைந்த ஊரில் இது வெறும் பயமல்ல. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் மனையைத் தேடிப் பிடித்து ஆள்மாறாட்டத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் வந்த சட்டமும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது. அந்தத் திருத்தம் அளவு மீறியது என்பது என் கருத்து, அது இருக்கட்டும். இங்கே கேட்பது பதிவேட்டின் உள்ளடக்கத்தை அல்ல. எந்தெந்தப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை. ‘1931 முதல் 1950 வரையிலான இறப்புப் பதிவேடு, பதிவறை, மூன்றாம் அலமாரி’ என்று ஒரு பலகை சொன்னால் அதில் யாருடைய அந்தரங்கம் போய்விட்டது? மோசடிக்காரருக்கு இந்தப் பட்டியல் தேவையே இல்லை. அவருக்கு ஏற்கெனவே ஆள் தெரியும். தன் சொத்தில் யாரோ கைவைத்ததை ஆறு மாதம் கழித்து அறிந்து ஓடிவருகிறவருக்குத்தான் அது தேவை.

‘சின்ன ஊர்தானே, எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும், இதற்கெல்லாம் பலகை எதற்கு?’ என்று உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கேட்பார்கள். அவர்களைத் தெரியும், அதனால் கேட்கிறார்கள். கணவனை இழந்து வாரிசுச் சான்றுக்கு வந்து நிற்கும் பெண்ணையும், மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கும் வெளியூர்த் தொழிலாளியையும் கவுன்சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர் மூலம் நடக்கும் காரியத்தில் சாதியும் தெருவும் கட்சியும் சேர்ந்தே நடக்கின்றன.

ஆள் இல்லை என்பதற்குப் பதில், அலுவலகங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தரிடமும் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. தன்னிடம் வந்த தபால் எது, அதன் ந.க. எண் என்ன, கோப்பு யாரிடம் போனது என்று அதில் குறிக்கிறார். முடிந்த கோப்புகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற தரம் பிரித்துத்தான் பதிவறைக்கு அனுப்புகிறார்கள். ஆக, அட்டவணை போடுகிற பழக்கம் நம் அலுவலகங்களுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்டது. அது உள்ளே பார்த்தபடியே இருக்கிறது. பெயரிலேயே ‘தன்’ ஒட்டியிருக்கிறது. அதை வெளியே திருப்புவதற்குப் புதிய பணியிடமோ கோடி ரூபாய் மென்பொருளோ வேண்டாம். ஓர் அலுவலகத்துக்கு நான்கு பக்கம் போதும்: என்ன பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த எண்ணால் தேடப்படும், நகலுக்கு என்ன கட்டணம், யாரிடம் கேட்பது, இங்கே இல்லாவிட்டால் எங்கே. இதில் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். தாலுகா, சார்பதிவகம், மாநகராட்சி, மின்வாரியம் நான்கின் பட்டியலையும் சேர்த்துக் கட்டி ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு பிரதி வைக்கலாம். மனு எழுதுபவரும் அதையே பார்த்து எழுதட்டும்.

பட்டியல் பழசாகிப்போகும் என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கும் வருவாய்த் துறையிடம் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதையொட்டி ஒவ்வொரு தாலுகாவிலும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைக்கு வந்து, ஒவ்வொரு பதிவேடும் இருக்கிறதா, எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கப்படுகின்றன, மக்களிடம் மனுவும் வாங்கப்படுகிறது. பதிவேட்டுப் பட்டியலையும் அன்றைக்கே சரிபார்த்து, விட்டுப்போனதைச் சேர்த்து, கோட்டாட்சியர் கையெழுத்திட்டு வாசலில் ஒட்டிவிடலாம். மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் அப்படியொரு நாள் இல்லை. ஊராட்சிகளிலிருந்து வந்து சேர்ந்த பழைய புத்தகங்கள் இன்னும் தனித்தனி மூட்டையாக இருக்கும் இந்த இரண்டொரு ஆண்டுக்குள், புதிய மாநகராட்சிகளிலாவது அதைத் தொடங்கலாம்.