மாத்திரை தொடங்கிய பின் யார் பார்க்கிறார்கள்?



மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் சேர்ந்து விடுக்கும் வேண்டுகோள் இது. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தொடங்கிய மாத்திரை வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது என்பதே எங்கள் கவலை.

சர்க்கரைக்கு மருந்து தந்தால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். மனச்சோர்வில் கேட்டும் கவனித்தும்தான் அறிய வேண்டும். எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளின் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரமாகும். முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். குமட்டலும் தலைவலியும் தூக்கக்கேடுமோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். "இது நமக்கு ஒத்துக்கலை" என்று பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். அமெரிக்காவில் நடந்த 'ஸ்டார்-டி' ஆய்வில், முதல் மருந்திலேயே அறிகுறிகள் நீங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர்களுக்கு அடுத்த வழி தேட வேண்டியிருந்தது. மறுபடி பார்த்தால்தானே அதைச் செய்ய முடியும்?

ஆகவே கேட்டுக்கொள்கிறோம்:

குடும்பத்தாரே, தூக்கம், பசி, பேச்சு ஆகியவற்றை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். புறநோயாளிப் பிரிவில் மாத்திரையை மட்டும் வாங்கி வராமல், நோயாளியையும் அழைத்துச் செல்லுங்கள். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-லும் 2007-லும் எச்சரித்தது. இருப்புக் கொள்ளாத தவிப்பு, திடீர்க் கோபம், சாவு பற்றிய பேச்சு, தூக்கமே இல்லாத அளவுமீறிய உற்சாகம் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். குணம் தெரிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பின்னர் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே வழக்கம்.

மருத்துவர்களே, இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை வரச் சொல்லுங்கள். இளையோரை இன்னும் முன்னதாகவே பாருங்கள். 'பி.எச்.க்யூ-9' என்ற ஒன்பது கேள்விகளுக்குச் சில நிமிடம் போதும்; ஒவ்வொரு முறையும் கேட்டு, மதிப்பெண்ணைச் சீட்டிலேயே எழுதுங்கள். தாம்பத்திய நாட்டம் குறைந்ததை நோயாளி தாமாகச் சொல்லமாட்டார், நீங்கள் கேளுங்கள். முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்றும் பாருங்கள்.

மருந்துக் கடைக்காரர்களே, பழைய சீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை தராதீர்கள். கூடவே டிரமடால் போன்ற வலி மாத்திரை வாங்கினால், மருத்துவருக்குத் தெரியுமா என்று விசாரியுங்கள்.

அரசுக்கு: மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். தொடர் கவனிப்பும் அந்த உரிமையில் அடங்கும். மாவட்ட மனநலத் திட்டத்தில் புதிதாக மாத்திரை தொடங்கும் ஒவ்வொருவரையும் இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் தொலைபேசியில் விசாரிக்க ஆள் நியமியுங்கள்.

மருத்துவரை உடனே அணுக முடியாதபோது, 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர்