முட்டியைக் காட்டி மலையை மறுக்காதீர்கள்

மாசி நெருங்கினால் கோவைப் பக்கம் ஏழு மலை ஏறிக் கும்பிடும் வெள்ளியங்கிரிப் பயணத்தின் பேச்சு தொடங்கிவிடும். அறுபதைத் தொட்டவர்களுக்கு அறிவுரையும் கூடவே வரும்: "முட்டி தேய்ஞ்சு போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் எதுக்கு ஏழு மலை?" அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதை நம்பி வீட்டோடு முடங்குகிறவர்களுக்குத் தொடைத் தசை இளைத்து, முட்டி முன்னைவிட மோசமாகிறது. அதனால்தான் அந்த அறிவுரையை மறுக்க வேண்டியிருக்கிறது.

நடக்க நடக்க டயர் தேய்வதுபோல மூட்டும் தேயும் என்பது முதல் வாதம். டயருக்கு உயிரில்லை, மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு உண்டு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டில் ஊறும் திரவத்திலிருந்துதான் ஊட்டம் பெற வேண்டும். காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது தளர்ந்தால்தான் அந்தத் திரவம் உள்ளே போய்வரும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பிலோ முட்டியிலோ தேய்மானம் இருந்தது. ஓடாதவர்களில் அது 10.2 சதவீதம். ஓடுகிறவர்கள் பொதுவாகவே எடை குறைந்தவர்கள் என்று சொல்லலாம், சரிதான். ஆனாலும் டயர் கணக்கு உண்மையென்றால் இந்த எண்கள் இடம் மாறியிருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறதே என்பார்கள். படத்தில் தேய்மானம் இருந்தும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம். படத்தை மட்டும் வைத்து ஒருவர் மலை ஏறலாமா கூடாதா என்று முடிவு கட்ட முடியாது.

"ஏறினா முட்டி போயிடும்" என்பதுதான் பெரிய பிழை. ஏற்றம் மூச்சை வாங்கும். முட்டியைச் சோதிப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். தசை களைத்துவிட்டால் அந்தச் சுமை மூட்டின்மேல் விழுகிறது. வெள்ளியங்கிரியில் முதல் மலையின் செங்குத்தான கற்படிகளைப் புதுக்காலோடு ஏறிவிடுகிறோம். திரும்பும்போதோ அதே படிகள்தான் கடைசியில் வருகின்றன, கால் நடுங்கும் நேரத்தில்.

அடிவாரத்தில் பூண்டியில் மூங்கில் தடி விற்கிறார்கள். கௌரவம் பார்த்து வாங்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1999-இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வொன்றில், 25 பாகைச் சரிவில் இரு கைகளிலும் தடி ஊன்றி இறங்கியபோது முட்டியின் சுமை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. ஒற்றைத் தடிக்கு அவ்வளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்; இரண்டாக வாங்குங்கள். தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, எடையைக் கொஞ்சம் அதன்மேல் சாய்த்து, வலிக்கிற காலை முதலில் இறக்குங்கள், பிறகு நல்ல காலை. ஏறும்போது நல்ல கால் முன்னே. நீ-கேப் போட்டால் சிலருக்குத் தெம்பு வரும். தசை செய்ய வேண்டிய வேலையை அது செய்யாது.

எல்லோரும் போகலாம் என்றும் நான் சொல்லவில்லை. முட்டி வீங்கியிருந்தால், திடீரென்று மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கையில் கால் மடங்கி விழப்பார்த்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதைவிட முக்கியம் இதயம். இந்த மலையில் மாரடைப்பாலும் மூச்சுத் திணறலாலும் உயிர்கள் போயிருக்கின்றன. இதய நோயாளிகள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே எச்சரிக்கிறது. முட்டிக்குப் பயந்து தைலம் தேய்க்கிற பலர் கிளம்பும் முன் ஒரு இசிஜி எடுப்பதில்லை.

மாசியில் ஏற நினைப்பவர் கார்த்திகையிலேயே தொடங்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்கிப் பழகுவது, வாரத்தில் மூன்று நாள். முதல் தடவையே ஏழு மலையையும் முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வழியிலுள்ள வெள்ளை விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, காலில் இன்னும் தெம்பிருக்கும்போதே இறங்கிவிட்டு, அடுத்த தடவை அதற்கு மேலே போகலாம்.