வளவில் நிற்கும் பழைய பிக்கப்



வடக்கில் வீடு வீடாகச் செல்லும்போது நாம் அடிக்கடி காணும் ஒன்று, வளவின் ஓரத்தில் கறள் பிடித்து நிற்கும் பழைய வாகனம். சில வீடுகளில் அது ஓஸ்ரின் ஏ40 கார். சில வீடுகளில் மொறிஸ் மைனர் பிக்கப். கோழிகள் அதற்குள் முட்டையிடும். பழைய இரும்பு வாங்குபவர் இடைக்கிடை வந்து கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டுப் போவார். இம்மாதம் அந்த வாகனத்தைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இந்த வண்டிகளை நாம் மறக்க முடியாது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியவை இவையே. நோயாளிகளையும், பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய்மாரையும், இடம்பெயர்ந்த குடும்பங்களின் பாயையும் பானையையும் ஏற்றிச் சென்றவையும் இவையே.

கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டில் மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று நிற்கிறது. அவருடைய கணவர் அதில் மரக்கறி ஏற்றிச் சந்தைக்குப் போய் வந்தவர். இடம்பெயர்ந்தபோது வண்டி பழுதாகி வீட்டிலேயே நின்றுவிட்டது. 2009இன் பின் கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. மீளக்குடியேறி வந்து பார்த்தபோது ரயர்களும் பற்றரியும் இருக்கவில்லை. மகன் வளர்ந்ததும், "வித்துப்போட்டு ஒரு தையல் மெசின் வாங்குவம் அம்மா" என்றான். "அவர் வந்து வண்டி எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்பது அக்காவின் பதில்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காணாமற்போனவரின் பொருளை விற்பது அவரையே கைவிடுவது போல எம் பெண்களுக்குத் தோன்றுகிறது. அதேவேளை, உக்கிப்போக விட்டால் பொருளும் இல்லை, வருமானமும் இல்லை. எனவே, விற்பதா வைத்திருப்பதா என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் வண்டியின் நிலையை அறிவோம் என்று மூவரும் பேசி முடிவெடுத்தோம். அந்த அனுபவத்திலும் கராஜ் அனுபவசாலிகளிடமும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நிலம். கண்ணிவெடி அகற்றப்படாத இடத்தில் அல்லது பற்றைக்குள் கிடக்கும் வாகனத்தை எவரும் தொடக்கூடாது. கிராம அலுவலருக்கு அறிவித்து, பாதுகாப்பானது என்று உறுதி பெற்ற பின்பே அருகில் செல்ல வேண்டும்.

இரண்டாவது, சசி எனப்படும் அடிச்சட்டம். மொறிஸ் மைனர் காருக்கு உடலே சட்டமாக அமைந்திருக்கும். ஆனால் 1953 முதல் 1971 வரை வெளிவந்த அதன் பிக்கப்பும் வானும் தனியான சசியின் மேல் அமைந்தவை. ஆகவே மட்கார்ட்டும் கதவும் ஓட்டை விழுந்திருந்தாலும் சசி உறுதியாக இருந்தால் வண்டியை மீட்கலாம். சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இரும்பு மந்தமாக ஒலிக்கும், திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும். பின்பக்க வில்லுத்தகடு பொருந்தும் இடங்களை விசேடமாகக் கவனியுங்கள். அக்காவின் வண்டியில் அங்கே ஒரு பக்கம் மாத்திரமே உக்கியிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்ட முடிந்தது.

ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டியின் கீழ் ஒருபோதும் படுக்காதீர்கள். தடித்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள். சீமெந்துக் கல் திடீரென நொறுங்கும்.

மூன்றாவது, கழற்றும் முறை. கறள் பிடித்த நட்டுக்களுக்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து சில இரவுகள் தொடர்ந்து பூசுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் முறிந்துவிடும். எதையும் கழற்று முன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். கழற்றிய ஆணிகளைப் பால்மா ரின்களில் இட்டு, எந்த இடத்தினது என்று எழுதி ஒட்டுங்கள்.

இறுகிய எஞ்சினையும் உடனே கைவிட வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளால் சிறிது ஒயில் விட்டு, சில நாட்கள் ஊறவிடுங்கள். பின்னர் முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். வண்டியைக் கட்டி இழுத்து எஞ்சினைச் சுழற்ற முயன்றால் உள்ளே உள்ள பாகங்கள் உடையக்கூடும்.

நான்காவது, கறள் எடுத்தல். நீரும் காற்றும் இரும்பில் சேர்ந்து கறள் உண்டாகிறது. உப்பு அதை விரைவுபடுத்துகிறது. கடற்கரைக் கிராமங்களில் வாகனங்கள் விரைவில் உக்குவது இதனாலேயே. கம்பி பிறஷ்சால் தேய்த்துப் பொருக்கை உதிர்க்க வேண்டும். சிறிய பாகங்களை ஓரிரு நாள் வினாகிரியில் ஊறவைத்துத் தேய்க்கலாம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குவதும் இதே முறைதான், புளிப்பு கறையைக் கரைக்கிறது. பின்னர் அப்பச்சோடா கலந்த நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். சுத்தம் செய்த பகுதிக்கு அன்றைக்கே ரெட் ஒக்சைட் பூசுங்கள். வெறும் இரும்பை ஈரக்காற்றில் விட்டால் மறுநாளே சிவக்கத் தொடங்கும். கறளின் மேல் பட்டி அப்பிப் பெயின்ற் அடித்தால் உள்ளே உக்குவது நிற்காது.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்க்காமல் நீர் ஊற்றித் தேயுங்கள். முகத்தை மூடிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பழைய பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசை ஊதவோ கூட்டவோ கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். பெற்றோல் தாங்கி வெறுமையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். அதன் அருகில் ஒட்டுவேலை செய்தால் வெடிக்கும்.

பிரேக், ஸ்ரியரிங், முன்சில்லைத் தாங்கும் மூட்டுகள், வெல்டிங், மின்வேலை ஆகியவற்றைத் தேர்ந்தவரிடமே கொடுங்கள். ஆனால் கழற்றுதல், சுரண்டுதல், கழுவுதல், பூசுதல் என்ற நாட்கணக்கான வேலையை வீட்டிலேயே செய்யலாம். அக்காவும் மகனும் பின்னேரங்களில் அதைச் செய்தார்கள். ஆரம்பத்தில் அயலவர்கள் "பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை?" என்றார்கள். பின்னர் அதே அயலவர்கள் ஸ்பனர் இரவல் கேட்டு வந்தார்கள். உதிரிப்பாகங்கள் பற்றிப் பயப்படவும் வேண்டாம். மொறிஸ் மைனருக்கான தகடுகளை இலங்கைத் தொழிலாளர்கள் கையால் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் உண்டு.

இனி, மிக முக்கியமான விடயம். காசு செலவழிக்க முன் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதில் உள்ள இலக்கங்கள் எஞ்சினிலும் சசியிலும் உள்ளவற்றுடன் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் அல்லது வரி அனுமதிப்பத்திரம் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாதிருந்தால், என்ன செய்ய வேண்டும் என்று பிரதேச செயலகத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் முதலில் விசாரியுங்கள்.

வாகனம் காணாமற்போனவரின் பெயரில் இருந்தால் ஒரு தயக்கம் வரும். மரணச் சான்றிதழ் எடுக்க அக்கா பல ஆண்டுகளாக மறுத்தார். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் பின்னர், ஒருவர் இறந்துவிட்டார் என்று கூறாமல், அவர் காணாமற்போயுள்ளார் என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடமிருந்து பெற முடியும். அதைப் பெறுவதால் தேடும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுப்பதாகாது. அவருடைய சொத்தைப் பராமரிப்பதற்கு அது எவ்வாறு உதவும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்டறியலாம். இதை அறிந்த பின்பே அக்கா விண்ணப்பம் எழுதச் சம்மதித்தார். எஞ்சின் இப்போது வளவுக்குள் இயங்குகிறது. பத்திரங்கள் சரியாகும்வரை வண்டி வீதிக்கு வராது என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

சகோதரிகளே, எல்லா வண்டிகளையும் மீட்க முடியாது. சசி முழுதாக உக்கியிருந்தால் விற்றுவிடுவதே நல்லது, அதில் குற்ற உணர்வு கொள்ள எதுவுமில்லை. ஆனால் பழைய இரும்புக்காரர் வந்து நிற்கும் அவசரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். ஒரு நாள் ஒதுக்கி, பிள்ளைகளையும் அழைத்து, கையில் சுத்தியலுடன் வண்டியைச் சுற்றி வாருங்கள். பதிவுப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு முறை வாசியுங்கள். விற்பதோ வைத்திருப்பதோ, அது நீங்கள் பார்த்து அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.