நம்ம அக்காதானே!

"தோட்டத்துப் பெண்ணுக்கு ஃபேஷியல் எதற்கு? மஞ்சளும் பயற்றமாவும் போதாதா?" என்று கேட்பவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. ஆனால் காலம் மாறிவிட்டது. சிலிம் ரிவரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. தோட்டத்து மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். கல்யாணம், தீபாவளி என்றால் வீட்டுக்கே வந்து ஃபேஷியல் செய்துவிடும் சகோதரிகளை இத்தகைய சிறுபட்டணங்களில் காணலாம்.

இது இரு தரப்புக்கும் நன்மையே. கைக்குழந்தையை விட்டு நகர முடியாத தாய், ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பயணப்பட வேண்டியதில்லை. தொழில் செய்பவருக்குக் கடை வாடகை இல்லை. நீராவிக் கருவி, துண்டுகள், கிரீம் வகைகள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. "நம்ம அக்காதானே" என்று நாம் எதையும் கேட்பதில்லை. "நம்ம பிள்ளைதானே" என்று அவரும் உரிய கூலியைக் கேட்பதில்லை. உறவு என்ற ஒரே சொல்லில் நமது பாதுகாப்பும் அவரது உழைப்பின் மதிப்பும் ஒருசேரக் காணாமற் போகின்றன.

கேட்க வேண்டியவை பல. மலேசியாவில் விற்கப்படும் ஒப்பனைப் பொருளுக்கு, 1984-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி சுகாதார அமைச்சின் அறிவிக்கை எண் இருக்க வேண்டும். பெயரில்லாத டப்பாவில் வரும் 'வெள்ளையாக்கும்' கிரீமில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தையே கெடுக்கும். ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின் ஆகியவை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டியவை. கரும்புள்ளி எடுக்கும் கருவியை ஒருவருக்குப் பயன்படுத்திய பின் கிருமி நீக்காமல் அடுத்தவர் முகத்தில் வைக்கலாகாது. முகத்தில் ஊசி போடுவது அழகுக்கலைஞரின் வேலையே அல்ல, அது மருத்துவருடையது.

கேட்பது அவமதிப்பாகாது. முறையாகக் கற்றவர் மகிழ்ந்தே பதில் சொல்வார். அழகுச் சேவைக்கும் மலேசியத் திறன் சான்றிதழ் உண்டு. சொந்தப் பெயரில் வணிகப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 ரிங்கிட். வேறு பெயர் வைத்தால் 60 ரிங்கிட். 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் பங்களித்தால், வேலையின்போது விபத்து நேர்ந்தாலும் குடும்பம் தத்தளிக்காது. தெக்குனின் ஸ்பூமி திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே கடன் தருகிறது.

இவற்றையெல்லாம் அறியாமலேயே எத்தனை சகோதரிகள் கைச்செலவுக் காசுக்கு உழைக்கிறார்கள்! பல்கலைக்கழகம் வரை வந்த நாம் இங்கேதான் தேவைப்படுகிறோம். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அந்த அக்காவுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்போம். கிரீமின் எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்று காட்டுவோம். பேரம் பேசாமல் கூலியைக் கொடுப்போம். உறவு உறவாக இருக்கட்டும். தொழில் தொழிலாக மதிக்கப்படட்டும்.