கிண்டிலா, கோபோவா? அத்தானுக்கு எது?

ரொறன்ரோவில் வசிக்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அப்பாவுக்கு மின்னூல் வாசிக்கும் கருவி ஒன்று அனுப்பப் போகிறேன். கிண்டில் நல்லதா, கோபோ நல்லதா?" என்று கேட்டான். ஒரே சொல்லில் பதிலை எதிர்பார்த்தான் போலும். பத்திரிகைக்காரனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவனுடைய அப்பா, அதாவது என் அத்தான், மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைக்கு அருகே தோட்டப் பாடசாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டைக் கறையான் முடித்துவிட்டது. மேல்தட்டை மழைக்கால ஈரம் கவனித்துக்கொள்கிறது.

கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டிலும் எனக்குக் குறையில்லை. இரண்டும் மின்மைத் திரை கொண்டவை. காகிதம் போலவே கண்ணைக் கூசாமல் இருக்கும். பக்கம் புரட்டும்போதுதான் மின்மைக்கு மின்சாரம் செலவாகும். 2007 நவம்பரில் அமேசான் முதல் கிண்டிலை 399 டொலருக்கு விற்பனைக்கு விட்டபோது ஐந்தரை மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்தது. அதற்கு முன்பே களத்துக்கு வந்த சோனி 2014இல் விலகிக்கொண்டது. கோபோ ரொறன்ரோவிலேயே பிறந்தது. இப்போது ஜப்பானின் ரகுட்டன் நிறுவனத்துக்குச் சொந்தம். மருமகனுக்கு அதன் மேல் சற்று ஊர்ப்பற்று இருந்ததைக் குரலிலேயே உணர்ந்தேன்.

ஆனால் அத்தான் எதை வாசிக்கப் போகிறார்? ஆங்கில நாவல்கள் அவருக்கு வேண்டியதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை வேண்டும், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் வேண்டும், இளமையில் அவர் வாங்கிச் சேர்த்து இழந்துபோன மலையகச் சிற்றிதழ்கள் வேண்டும். அவற்றுள் பெரும்பாலானவற்றைப் புத்தகக் கடையில் தேடிப் பயனில்லை. அவற்றைத் தேட எனக்குத் தெரிந்த முதல் இடம், 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இலவசமாக இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டமே. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் 1981இல் எரிந்தபின், இந்தத் தேவையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நூலகத்தில் உள்ளவை பெரும்பாலும் வருடப்பட்ட பிடிஎப் கோப்புகள். ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரிகளை மடித்துக்கொள்ள முடியாது. ஆறு அங்குலத் திரையில் ஒரு சஞ்சிகைப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்பு வரிசை போலத் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். மின்மைத் திரையோ ஒவ்வோர் இழுப்புக்கும் தயங்கித் தயங்கியே நகரும். சென்ற ஆண்டு அத்தானின் பழைய சிறுகதை ஒன்று வெளிவந்த இதழை இப்படிக் கண்டுபிடித்து, என் கைத்தொலைபேசியில் காட்டினேன். அவர் தொலைபேசியின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்து அரைப் பக்கம் வாசித்துவிட்டு, "நீயே வாசி தம்பி" என்றார்.

எழுத்துருவில் தட்டச்சுச் செய்த நூல்கள் வேறு சாதி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கியங்களும், 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் ஈபப் கோப்புகளும் சிறிய திரையிலும் வசதியாக ஓடும். அத்தளத்தார் ஆறு அங்குலத்துக்கென்றே தனிப் பிடிஎப் தயாரித்தது, அன்றைய கருவிகள் தமிழ் எழுத்துகளைச் சிதைத்ததனால்தான். கிண்டில் கடை தமிழுக்கு முறையாகத் திறந்தது 2016 டிசம்பரில்.

இன்னொன்றையும் மருமகனிடம் சொன்னேன். 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கல் காரணமாக, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஓர்வெல்லின் இரண்டு நாவல்களை அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, மன்னிப்பும் கேட்டது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைக்கும் வசதியை 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. கோபோ கடையின் நூல்களிலும் பூட்டு உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஆனால் நம்மிடம் உள்ள ஈபப் கோப்பைக் கம்பி வழியே போட்டால் கோபோ அப்படியே திறக்கும். கிண்டிலுக்கு அதனை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். மாத்தளையிலிருந்து வடக்கே யாழ்ப்பாண வீதியில் சிறிது தூரம் சென்றால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் சூழ்ந்தபோது, மனப்பாடமாகக் காத்த பாளித் திரிபிடகத்தைப் பிக்குகள் முதன்முதலில் ஏட்டில் எழுதியது அங்கேதான் என்பர். 1848 கிளர்ச்சியின்போது அந்த விகாரையின் ஏட்டு நூலகம் அழிந்தது. ஒரே இடத்தில் இருந்ததற்கு நேர்ந்த கதி. ஆகவே கோப்பு நம் கையில் இருப்பதே எனக்கு முக்கியம்.

என் பதில் இதுதான்: ஆறு அங்குலக் கிண்டிலும் வேண்டாம், ஆறு அங்குலக் கோபோவும் வேண்டாம். பணம் இருந்தால் பத்து அங்குலத் திரையுள்ள கோபோ எலிப்சா. இல்லையேல் அதே அளவிலான சாதாரண ஆண்ட்ராய்ட் டப்லெட். அதில் கிண்டில் செயலியும் ஓடும், கோபோ செயலியும் ஓடும், நூலகத்தின் பழுப்பேறிய பக்கங்களும் வண்ணத்தோடு தெரியும். எதுவாயினும் நூல்களை அங்கேயே இறக்கி நிரப்பி அனுப்பு, ரத்தோட்டை மலையில் சிக்னலை நம்பாதே என்றேன்.

அவன் எலிப்சாவையே வாங்கிவிட்டான். செய்தியைச் சொன்னபோது அக்கா கேட்டாள்: "அதெல்லாம் சரி தம்பி, முதலில் உங்கள் அத்தானுடைய மூக்குக் கண்ணாடியை மாற்ற யார் கூட்டிப்போவது?"