கிள்ளான் ஆற்றங்கரையில் ஒரு சைக்கிள் சுற்று

பிரான்சு நாட்டில் லுவார் என்று ஓர் ஆறு. அந்நாட்டு ஆறுகளிலேயே நீளமானது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கின்றது. அதன் கரையோரமாகச் சைக்கிள்காரர்களுக்கென்று ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு வழி வகுத்து, ஊருக்கு ஊர் கைகாட்டிப் பலகையும் நட்டிருக்கின்றார்கள். விடுமுறை விட்டால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமே சைக்கிளில் கிளம்பிவிடுகின்றது. வழியெல்லாம் பழைய அரண்மனைகள், திராட்சைத் தோட்டங்கள், சின்னச் சின்ன ஊர்கள். பசித்த இடத்தில் சாப்பிட்டு, களைத்த இடத்தில் தங்கி, ஆற்றோடு ஆறாகப் போகின்றார்கள்.

படிக்கும்போது நமக்கும் ஆசையாகத்தான் இருக்கின்றது. ஆனால் பிரான்சுக்குப் போக விமானச் சீட்டு வேண்டும். கிள்ளான் ஆற்றைப் பார்க்க ஒரு சைக்கிளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும். அந்த ஆறு 120 கிலோமீட்டர்தான். ஆயினும் அதன் கரையில் கிடக்கும் கதைகள் எந்த அரண்மனைக்கும் குறைந்தவை அல்ல. அவற்றில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகின்றேன்.

முதலில் கிள்ளான் பட்டணம். காலை ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். வெயில் ஏறினால் லோரிகளும் ஏறிவிடும். ஆறு பட்டணத்தை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகின்றது. இரண்டையும் இணைப்பது கோத்தா பாலம். 1960ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட இந்தப் பாலத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இது இரண்டு தட்டுப் பாலம். தென்கிழக்காசியாவிலேயே இப்படிப்பட்ட முதல் பாலம் இதுதான் என்று கிள்ளான்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மேல் தட்டு மோட்டார் வண்டிகளுக்கு. கீழ்த் தட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பாலம் கட்டும்போது சைக்கிளுக்கென்று தனியாக ஒரு தட்டே கட்டியிருக்கின்றார்கள் என்றால், அந்நாளில் இந்த வட்டாரத்தில் எத்தனை சைக்கிள்கள் ஓடியிருக்க வேண்டும்! வேலைக்குப் போனவர், மீன்காரர், பால்காரர், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வந்த நம்மவர் எல்லாருக்கும் அதுதான் வாகனம். பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு மேல் தட்டில் மோட்டார் வண்டிகள் ஓடுவதில்லை. கீழ்த் தட்டுக்குத்தான் ஆயுள் கெட்டி. அங்கே நடுவில் நிறுத்தி ஆற்றைப் பாருங்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். குப்பையும் மிதந்து வரும், மறைப்பானேன்? அந்தக் குப்பையை அள்ளுவதற்கென்றே 2019ஆம் ஆண்டில் சூரிய ஒளியில் இயங்கும் மிதவை இயந்திரம் ஒன்றை இந்த ஆற்றில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆலந்து நாட்டு அமைப்பு ஒன்று செய்தது அது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். கால்வாயில் வீசும் ஒரு பிளாஸ்டிக் பை எங்கே போய்ச் சேருகின்றது என்று வகுப்பறையில் நான் அரை மணி நேரம் விளக்குவதைவிட அந்தப் பாலத்தில் ஐந்து நிமிடம் நிற்பது மேல்.

சரி, சைக்கிள் கதைக்கு வருவோம்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் தொழிலாளி ஒருவர் சொந்தச் சைக்கிளில் போகும்போது எதிரே துரை வந்தால், உடனே சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். துரைக்கு மட்டுமல்ல, தோட்டத்து உத்தியோகத்தருக்கும் இறங்கத்தான் வேண்டும். என் தாத்தா, கிராணியாரின் வெள்ளைத் தொப்பி செம்மண் சாலையின் முனையில் தெரியும்போதே இறங்கிவிடுவாராம். அவர் கடந்து போய், தொப்பி மறைந்த பிறகுதான் மறுபடி ஏறுவாராம். இதை ஒருமுறை என் மாணவர்களிடம் சொன்னபோது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஏன் சார், அது அவங்க சொந்தச் சைக்கிள்தானே?" என்று கேட்டான்.

இதே கேள்வியைத்தான் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கேட்டார்கள். போர்க்காலம் அது. ரப்பருக்கு நல்ல விலை. கூலி மட்டும் உயரவில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அதற்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் வெறும் காசுக்காக நடந்த போராட்டம் அல்ல என்பது விளங்கும். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் அதே கூலி வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துதல் இவையெல்லாம் இருந்தன. அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருந்தது. துரை முன்னாலும் உத்தியோகத்தர் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், உட்கார்ந்தபடியே போக விட வேண்டும்!

படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதக்கணக்கில் காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கியவனை அவன் பிள்ளை பார்க்க நடுச்சாலையில் இறங்க வைத்தால், அவன் மனம் என்ன பாடுபடும்? கூலி குறைந்தால் வயிறுதான் காயும். இது அப்படியல்லவே.

அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கேட்டு வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான். பெரிய போரின் சத்தத்தில் இந்தக் கதை அமுங்கிப்போனது. கிள்ளானில் சைக்கிள் மிதிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாலத்துக்கு அருகே தென்கரையில் ராஜா அப்துல்லாவின் கிடங்கு இருக்கின்றது. 1850களில் ஈயம் சேர்த்து வைக்கக் கட்டியது. 1857இல் இங்கிருந்துதான் 87 சீனத் தொழிலாளர்கள் படகேறி, ஆற்றை எதிர்த்துக்கொண்டு ஈயம் தேடிப் போனார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக மிஞ்சியவர்கள் 18 பேர். அவர்கள் படகு போய் நின்ற ஆற்றுமுகத்தில்தான் பிறகு கோலாலம்பூர் உருவானது. கிடங்கைப் பார்த்துவிட்டு தெங்கு கிளானா சாலைக்கு வாருங்கள். பூக்கடை, துணிக்கடை, பலகாரக் கடை எல்லாம் நம்மவருடையவை. பசியாற இதைவிட நல்ல இடம் வேண்டாம். தோசை சூடாகக் கிடைக்கும். சைக்கிளைக் கண்ணெதிரே நிறுத்திக்கொள்ளுங்கள், பூட்டும் போடுங்கள்.

இனி அப்படியே ஆற்றங்கரையோடு கோலாலம்பூர் வரை மிதித்துப் போகலாமா என்றால், முடியாது. இங்கேதான் நாம் பிரான்சுக்காரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியிருக்கின்றது. நடுவில் தொழிற்சாலைகள், நெடுஞ்சாலைகள், வேலிகள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி வழி உண்டுதான். ஆனால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதில் சைக்கிளில் போகச் சொல்ல என் மனம் ஒப்பாது. ஆகவே கோலாலம்பூரை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்தால் பிரிக்பீல்ட்ஸ் வாசலிலேயே இறங்கிவிடலாம். சைக்கிளை ரயிலில் ஏற்றும் விதிகளை முன்கூட்டியே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் முதல் ரயில் விட்டது 1886இல். அதுவும் ஆற்றுக்கு அக்கரையில் புக்கிட் கூடா வரைதான். ஆற்றுக்கு மேல் ரயில் பாலம் பிறகுதான் வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தபின், அத்தாப்பு வீடுகளுக்குப் பதில் செங்கல் கட்டடங்கள் எழும்பின. அதற்கான செங்கல் இந்த ஆற்றோரக் களிமண்ணில் சுட்டது. 2015இல் மிட்வெலியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வழியாக நகரின் நடுப்பகுதி வரை ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டார்கள். நீலச் சாயம் பூசிய பாதை. என் மகனோடு போனபோது சில இடங்களில் அந்த நீலத்தின் மேலேயே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றிருந்தன. "நாம இறங்கணுமா அப்பா?" என்று கேட்டான். இறங்கித்தான் தள்ளினோம். அது வேறு கதை.

பாதை முடிந்த பிறகு சற்று மிதித்தால் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் முனை. நடுவே 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல். அந்த 87 பேரின் படகு போய் நின்ற இடம் இந்தப் பக்கந்தான். 2011இல் தொடங்கிய ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தால் கரைகள் இப்போது நடப்பதற்கு அழகாக இருக்கின்றன. மாலையில் விளக்கு போட்டபின் பார்த்தால் பிள்ளைகள் வீட்டுக்கு வர மறுப்பார்கள்.

புறப்படுமுன் காற்று, பிரேக், சங்கிலி மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு போத்தல். தலைக்கவசம் கட்டாயம்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1941இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கே இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. உங்கள் லயத்திலோ தாமானிலோ அப்படிப்பட்ட பெரியவர் யாரேனும் இருந்தால், அல்லது உங்கள் தாத்தா, பாட்டி சைக்கிளை விட்டு இறங்கிய கதையோ இறங்க மறுத்த கதையோ வீட்டில் சொல்லக் கேட்டிருந்தால், இரண்டு வரியானாலும் எழுதி அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.