போர்த்துக்கேய இலக்கணமும் தமிழ் மாணாக்கரும்

நானூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்தவர்களின் மொழியைத் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் இன்று கற்பது எற்றுக்கு என்னும் வினா என்னிடம் பலகாலும் கேட்கப்பட்டுள்ளது. சில ஆண்டுகளாக, ஆசிரியர் எவருமின்றி, நூலும் குறிப்பேடும் துணையாக நான் போர்த்துக்கேய இலக்கணத்தைப் பயின்று வருகிறேன். பொழுதுபோக்கின் பொருட்டு மேற்கொண்ட முயற்சியன்று இது. தமிழ் கற்கும் இளைஞர் சிலரேனும் இதில் ஈடுபடுதல் வேண்டும் என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டு எடுத்துரைப்பேன்.

1505 ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவ்விராச்சியத்தின் ஊர்கள், வரிகள், குடிகள், காணியுரிமைகள் பற்றிய சான்றுகளிற் பெரும்பகுதி அவர்தம் மொழியிலேயே உள்ளது. 'தோம்பு' என்று நாம் இன்றும் வழங்கும் காணிப் பதிவேட்டின் பெயர்கூட அவர்கள் தந்ததே. சேர் போல் பீரிஸ் 1920 இல் வெளியிட்ட யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய நூலும், திக்கிரி அபயசிங்க 1986 இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் போர்த்துக்கேய ஆவணங்களை நேரே படித்தமையாற் பிறந்தவை. கெய்றோஸ் பாதிரியாரின் பெருநூலை எஸ். ஜி. பெரேரா அடிகள் 1930 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நம் மாணாக்கர் மேற்கோள் காட்டுவது அம்மொழிபெயர்ப்பையே. இலங்கையிற் கால்வையாது கோவையிலிருந்து எழுதிய ஒருவரின் கூற்றை, இன்னொரு மொழியின் வழியாக, மூன்றாமவராக நின்று கேட்கிறோம். நம் முன்னோர் வரலாற்றை அறிய இஃது ஒன்றே வழியாதல் தகுமா?

இலக்கணம் அறியாதார்க்கு இதனால் நேரும் இழப்பு புலப்படாது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. போர்த்துக்கேயத்தில் இறந்தகாலம் ஒன்றன்று. 'தேவு' என்றால் ஒருமுறை கொடுத்து முடித்தான் என்பது பொருள். 'தாவா' என்றால் அக்காலத்தில் வழக்கமாகக் கொடுத்து வந்தான் என்பது பொருள். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடல் கூடும். மன்னன் திறை கொடுத்தான் என்று படிக்கும் மாணவன், ஒருமுறை கொடுத்தானா, ஆண்டுதோறும் கொடுத்து வந்தானா என்பதை எங்ஙனம் அறிவான்? முன்னது ஒரு நிகழ்ச்சி, பின்னது அடிமைநிலை. ஒரு வினைவிகுதியில் ஓர் அரசின் நிலையே அடங்கிக் கிடத்தல் கூடும் அன்றோ?

இனி, இம்மொழியின் இலக்கணம் தமிழ் கற்றவனுக்கு எளிதா அரிதா எனின், ஆங்கிலத்தின் வழியே அணுகுவார்க்கு அரிதாய்த் தோன்றும் சில பகுதிகள் நமக்கு எளியவை. தமிழ்வினையைப் போலவே போர்த்துக்கேய வினையும் விகுதியால் இடத்தையும் எண்ணையும் உணர்த்தும். 'ஃபாலு' என்றால் பேசுகிறேன். 'ஃபலாமுஷ்' என்றால் பேசுகிறோம். எழுவாயைச் சொல்லாதே விடலாம். தோன்றா எழுவாயை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. வருங்கால வினையின் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ஒரு பெயர்ச்சொல்லைப் புகுத்தும் வழக்கும் எழுத்துநடையில் உண்டு. 'தார்-தெ-எய்' என்பது உனக்குத் தருவேன் எனப் பொருள்படும். உனக்கு என்னும் பொருள் தரும் 'தெ' இடையே நிற்கிறது. பகுபத உறுப்பிலக்கணம் பயின்ற மாணவன் இதனைப் பிரித்தறிய அஞ்சான். 'தார்' என்பதும் 'தா' என்பதும் ஒலியால் ஒத்திருத்தல் கண்டு உறவு கொண்டாடுவது மட்டும் ஆகாது. அது இலத்தீன் வழிவந்த சொல், ஒப்புமை தற்செயலே.

'ஸெர்', 'எஸ்தார்' என இரு வினைகள் அங்கு உள்ளன. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரு வினையே. முன்னது நிலையான தன்மைக்கும் பின்னது நிலையற்ற நிலைமைக்கும் உரியன என்று பாடநூல்கள் கூறும். ஆயின் இறந்தவனைக் குறிக்கும்போது 'எஸ்தார்' என்பதே வரும். சாவினும் நிலையானது யாது? இவ்விடத்தில் தமிழே எனக்கு வழிகாட்டிற்று. 'அவன் நோயாளி' என்கிறோம். 'அவன் நோயுற்றிருக்கிறான்' என்றும் கூறுகிறோம். முன்னது பெயர்ப் பயனிலை. ஒருவனை இன்னான் என வகுத்துரைப்பது. பின்னது ஒரு நிகழ்ச்சியால் அவன் எய்திய நிலையை உரைப்பது. 'இறந்து கிடக்கிறான்' என்பதும் அவ்வகைத்தே. கால அளவை நோக்காது இவ்வேறுபாட்டை நோக்கினால் அவ்விரு வினைகளின் ஆட்சியிற் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

எனினும் நம் சட்டகத்துள் எல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணுதல் பேதைமை. உயிரற்ற மேசையைப் பெண்பாலாகவும் நூலை ஆண்பாலாகவும் கொள்ளும் வழக்கிற்குத் திணைப் பாகுபாடு உதவாது. பெயர்க்கு முன்வரும் சார்படையை நம் சுட்டு என்று கொண்டால் ஏமாறுவோம். நீ வரவேண்டும் என விரும்புகிறேன் என்னும் கருத்தை உரைக்குங்கால், வருதல் என்னும் வினையே தன் வடிவை மாற்றிக்கொள்ளும். அதனை வியங்கோள் எனல் பொருந்தாது. தெரிந்த இலக்கணம் தொடக்கத்திற் கைவிளக்காகும். அதன் ஒளி எட்டாத இடமும் உண்டென அறிதல் இரண்டாம் பாடம்.

நம் வீட்டுச் சொற்களிலும் ஒரு பாடம் இருக்கிறது. வடமொழியின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும் என நன்னூலார் விதித்தார். மாலா மாலையானதும் சாலா சாலையானதும் அவ்வாறே. பறங்கியர் சொற்களை ஏற்ற நம் முன்னோரும் அந்நெறியையே பின்பற்றினர். 'மேஸா' மேசையாயிற்று, 'கதெய்ரா' கதிரையாயிற்று, 'வராந்தா' விறாந்தையாயிற்று, 'தவெர்னா' தவறணையாயிற்று. மூக்கொலியோடு முடியும் சொற்கள் மெல்லின மெய்யோடு முடிந்தன. பாணும் களிசானும் கப்பித்தானும் அவ்வகையின. 'ஸபாத்து' உகர ஈற்றோடு சப்பாத்து ஆயிற்று. 'யன்னல்' போல நெறிக்கு விலகியனவும் உள. இச்சொற்களை வழங்கியோரிற் பலர் நன்னூல் கற்றவரல்லர். இலக்கணம் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று, மக்கள் நாவிலும் வாழ்வது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? சூத்திரத்தை நெட்டுருச் செய்து சலிப்படையும் மாணாக்கர்க்கு இவ்வொரு செய்தியே புத்துணர்ச்சி அளிக்கும்.

நாம் செய்யத் தயங்கும் இம்முயற்சியை எதிர்த்திசையிற் செய்தவர் ஒருவர் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகள் தமிழைக் கற்று, அதற்குப் போர்த்துக்கேய மொழியில் ஓர் இலக்கணம் வகுத்தார். அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1982 இல் அது அச்சேறிற்று. 2013 இல் ஜீன் ஹைன், வி. எஸ். இராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1578 இல் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' இவ்வடிகளின் மொழிபெயர்ப்பே. 1679 இல் அம்பலக்காட்டில் வெளிவந்த புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மீண்டும் பதிப்பித்து உலகுக்கு அளித்தவர் நம் நாட்டுத் தனிநாயகம் அடிகளார். அக்கால மக்கள் பேசிய தமிழை ஆராய இவை அரிய கருவூலங்கள். அவற்றின் திறவுகோல் போர்த்துக்கேய இலக்கணமே.

மட்டக்களப்பிலும் திருக்கோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் வழங்கும் மொழியும் நம் கருத்துக்குரியது. அதன் சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயம்; தொடரமைப்போ தமிழை ஒத்தது. செயப்படுபொருள் முன்வர, வினை இறுதியில் நிற்கும். போர்த்துக்கேயத்திற் பெயர்க்கு முன்வரும் 'பாரா' என்னும் இடைச்சொல், அங்கே பெயர்க்குப் பின் ஒட்டி வேற்றுமையுருபு போலாயிற்று. தமிழ் கொண்டது சொல், கொடுத்தது இலக்கணம். இதனைப் பேசுவோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நம் வாயிலில் நிகழும் இவ்விழப்பைத் தமிழறிஞர் கவனியாதிருத்தல் முறையன்று.

தாமே கற்க விழைவார்க்குச் சில கூறுவேன். நாளொன்றுக்கு ஒரு பக்கம் போதும்; இடையறாமையே வேண்டுவது. 'அர்', 'எர்', 'இர்' என முடியும் மூவகை வினைகளின் வாய்பாடுகளைக் கையால் எழுதிப் பழகுக. விதி ஒவ்வொன்றிற்கும் தமிழ் எடுத்துக்காட்டு ஒன்றையும், தமிழோடு மாறுபடும் இடத்தையும் அருகே குறித்து வைக்க. நூல் ஒலியைக் கற்பியாது. அவர்தம் ஞகரவொலி நமக்கு எளிது. மூக்குயிர்களோ செவிவழியன்றி வாரா. ஆதலின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு உரக்கப் படித்தல் இன்றியமையாதது. போர்த்துக்கலின் வழக்கும் பிரேசிலின் வழக்கும் வேறுபடுதலால் தொடக்கத்தில் ஒன்றையே பற்றி நிற்றல் நன்று. பழைய ஆவணங்களின் கையெழுத்தைப் படிப்பதற்குத் தனிப்பயிற்சியும் ஆசானும் வேண்டும். தற்பயிற்சி நம்மை அவ்வாசானின் வாயில்வரை கொண்டு செல்லும். அதற்கு அப்பாலும் அதனையே நம்பலாகாது.

நல்லூர்க் கோயிலை 1621 இல் இடித்தோரின் மொழியை நாம் ஏன் போற்றவேண்டும் என்று சினந்து கேட்பாரும் உளர். அச்சினத்தில் நியாயம் உண்டு. ஆனாற் கற்றல் வேறு, போற்றுதல் வேறு. வழக்கில் எதிரியின் சாட்சியத்தை நேரிற் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்யாதவன் தன் பக்கத்து நியாயத்தை நிலைநாட்டல் அரிது. இடித்தவர் எழுதிவைத்ததை நாமே படித்தல் வேண்டும். அதில் மறைத்தது எது, மிகைப்படுத்தியது எது என்று நாமே காணுதல் வேண்டும்.

ஆதலின் நம் பிராசீன பாடசாலைகளும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும், ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணாக்கரையேனும் இத்துறையில் ஊக்குவித்தல் வேண்டும். எழுவாய் பயனிலை, எச்சம், முற்று என நம் கலைச்சொற்களாலேயே போர்த்துக்கேய இலக்கணத்தை விளக்கும் கைந்நூல் ஒன்றை ஆசிரியர் சிலர் கூடி எழுதுதல் வேண்டும். என் குறிப்பேடுகளை அப்பணிக்கு உவந்து அளிப்பேன். பிறநாட்டார் நம் மொழியைக் கற்று இலக்கணம் எழுதியதைப் பெருமையோடு பேசுகிறோம். அவர் மொழியைக் கற்று நம் வரலாற்றை நாமே எழுதும் நாள் அப்பெருமையினும் மேலானதாகும்.